இலைப்பச்சையும் செங்கல் நிறமும்

மார்ச் 3

மருந்துக்கடைக்காரருக்கு,

நலம்தானே? ஒன்பது மாதம் பேசாமல் இருந்துவிட்டு, காரியம் ஆக வேண்டி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உண்மைதான், மறைப்பானேன்.

ஒரு மாத்திரை நிறுவனத்துக்கு மொத்த நிறத்திட்டமும் நான்தான் செய்கிறேன். பெயர்ப்பலகை முதல் மாத்திரை அட்டை வரை எங்கே எந்த நிறம், எவ்வளவு, எதன் பக்கத்தில் எது வரக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி எழுத வேண்டும். அடர்நீலம் அவர்களுடைய முகம். துணைக்கு மணல் நிறம். எழுத்துக்கும் கோட்டுக்கும் ஐந்து படி சாம்பல். அதுவரை சிக்கல் இல்லை. மாத்திரையின் வீரியத்துக்கு நிறம் வைக்கும் இடத்தில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. இரத்த அழுத்த மாத்திரையில் ஐந்து மில்லிகிராமுக்கு இலைப்பச்சை, பத்துக்குச் செங்கல் நிறம். காகிதத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, பளபளக்கும் தகட்டில் வேறு மாதிரி. எட்டு முறை மாற்றிவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

கணினித் திரையை நம்ப முடியாது என்பதால் அச்சிட்ட மாதிரிகளையே இத்துடன் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மாத்திரை அட்டை எடுத்துக் கொடுக்கிறவர் நீங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி (இன்னமும்)


மார்ச் 8

அன்புள்ள அரட்டைக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். மாதிரிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. நீ செய்தால் சரியாகத்தான் இருக்கும். எட்டு முறை மாற்றியது போதும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே முதலாளிக்கு முட்டிவலி. இரண்டு ஆள் வேலை என் தலையில்.

அன்புடன்,
நான்


மார்ச் 12

மருந்துக்கடைக்காரருக்கு,

"நன்றாக இருக்கின்றன" என்று எழுதவா இத்தனை நாள்?

எப்போதும் இதே பதில்தான். அன்றைக்குத் துணிக்கடையில் திரைச்சீலைக்கு இரண்டு துணியைத் தூக்கிக் காட்டி "எது?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான், எதையாவது எடு" என்றீர்கள். கடைக்காரர் முன்னால் என் முகம் செத்துப்போயிற்று. பதினோரு வருடத்தில் நான் பார்த்துப் பார்த்துச் செய்த எதையும் நீங்கள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. "கொஞ்ச நாள் தனியா இருக்கலாம்" என்று நான் சொன்னது சும்மா இல்லை.

நேற்று நிறுவனத்தின் மேலாளர் அம்மா தொலைபேசியில், "மேடம், கலரெல்லாம் அழகா இருக்கு. வயசானவங்க மாத்தி முழுங்கிட்டா யார் பொறுப்பு?" என்றார். கண்ணை மூடினால் யாரோ ஒரு பெரியவர் தலைசுற்றி விழுகிறார்.

தயவுசெய்து சரியாகப் பாருங்கள். தெரியாவிட்டால் "தெரியாது" என்றாவது எழுதுங்கள்.

நான்


மார்ச் 15

அரட்டை,

அச்சை நிறுத்து. மற்றதைப் பிறகு படி.

ஐந்தும் பத்தும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. காய்ந்த மண் மாதிரி ஏதோ ஒரு நிறம். பச்சையும் சிவப்பும் எனக்குப் பிறவியிலேயே பிரியாது. பள்ளியில் மரத்து இலைக்குப் பழுப்பு தீட்டி, வகுப்பே சிரித்தது. அன்று கட்டிய வாய். நிறத்தை வைத்துப் பிழைக்கிறவளைக் கல்யாணம் செய்துகொண்டு எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்றே பதினோரு வருடம் போய்விட்டது. துணிக்கடையில் நான் அலட்சியமாகப் பேசவில்லை, அம்மா. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

கடையில் பெயரையும் எண்ணையும் இரண்டு முறை வாசிக்காமல் எதையும் கொடுக்கமாட்டேன். அந்தத் தைரியத்தில்தான் உனக்கும் பூசி மெழுகி எழுதினேன். நேற்று, மாதா மாதம் இதே மாத்திரை வாங்கும் தச்சர் ஒருவர் வந்தார். உன் மாதிரிகளை நீட்டி, "ஐயா, இதுல எது பத்து?" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாத்திரைதானேப்பா? எனக்கு எழுத்தெல்லாம் தெரியாது, கலரைப் பார்த்துதான் முழுங்குறது" என்றார். அவருக்கும் என் கண்தான்.

ஒன்றை நன்றாக வெளிறச் செய். மற்றதை நன்றாக இருட்டச் செய். அது எங்களுக்குத் தெரியும்.

இன்று காலை முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வேலை இருக்குமோ போகுமோ.

நான்


ஏப்ரல் 4

அன்புள்ள உங்களுக்கு,

அச்சை நிறுத்தச் சொன்னதும் மேலாளர் அம்மா கத்தித் தீர்த்தார். காரணத்தைச் சொன்ன பிறகு, "ரெண்டு வாரம் எடுத்துக்குங்க" என்றார். இப்போது ஐந்துக்கு வெளிர் மஞ்சள், பத்துக்கு இருண்ட ஊதா. கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் தனித்தனியாக நிற்கின்றன. நீங்கள் சொன்னதையே திட்டத்தின் முதல் விதியாக எழுதினேன். நேற்று ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் முதலாளி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அது வேறு மனதை அரிக்கிறது.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு தச்சருக்காக ஒரே நாளில் வாய் திறந்தவர், பக்கத்தில் படுத்தவளிடம் பதினோரு வருடம் திறக்கவில்லை. நான் சிரித்துவிடுவேன் என்றா நினைத்தீர்கள்? கல்யாணமான புதிதில் சிரித்தும் இருப்பேனோ என்னவோ. அதை நினைத்தால்தான் உறுத்துகிறது.

இதையெல்லாம் எழுதித் தீர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். உங்களிடம் சாவி இருக்கிறது, தெரியும். இருந்தாலும் மணி அடியுங்கள். நானே வந்து திறக்கிறேன்.

இப்படிக்கு,
நான்