குத்தகைக்காரர் கொடுத்த மோட்டார்

பினாங்கு, 1934 செப்டம்பர் 9
வாசலில் புது மோட்டார். முனிசிபாலிட்டிக்குக் கால்வாய் கட்டித்தரும் குத்தகைக்காரர் முனுசாமி கொண்டுவந்து விட்டிருக்கிறார். "முனிசிபல் கமிஷனர் ரிக்‌ஷாவுல போனா நம்ம சனத்துக்குத்தான் கேவலம், தெய்வானை" என்றார் இவர். அதற்கு முனுசாமி ஏன் தரவேண்டும்? "சும்மா ஓட்டத்தான்லா."

அக்டோபர் 2
மோட்டாரில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்வந்தோம். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 21
சுங்கை பினாங்கில் முனுசாமி கட்டிய கால்வாய்ச் சுவர் மழையில் சரிந்துவிட்டது. பால்காரி லெட்சுமியின் வீடும் போயிற்று. அவள் புருஷனுக்குக் கால் நசுங்கிவிட்டது. காலையில் இங்கே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அக்கா, சிமெண்டே போடல, வெறும் மணலுங்கறாங்க. ஐயாகிட்ட சொல்லுங்க. நமக்குன்னு இருக்கறது அவருதானே" என்றாள்.

லெட்சுமி வீடு இருந்த அந்தக் கம்பத்துச் சனங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்டவர் இவர். அதுவும் பொய்யில்லையே.

நவம்பர் 6
சுவர் சரிந்ததற்கு விசாரணை வைத்துவிட்டார்கள். இவரிடமே கேட்டேன்.

"வேல முடிஞ்சிருச்சுன்னு முனுசாமி சொன்னான். கையெழுத்துப் போட்டேன்."

பார்க்காமலா?

"எல்லாரும் அப்படித்தான்லா போடுறாங்க." பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஒண்ணுமே புரியல. இவரு திருடரா? எங்கிட்ட பொய்யே சொன்னதில்லையே — இல்ல, நான்தான் எதையும் கேக்கலையா?

நவம்பர் 27
மோட்டார் லஞ்சம் என்று இவர்மேல் கேஸ். வக்கீல் வந்தார். என் நகையை விற்று வாங்கிய மோட்டார் என்று நான் கோர்ட்டில் சொல்லவேண்டுமாம். "ஒரு வார்த்தைதாம்மா." இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 10
சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். கூண்டில் ஏறியதும் லெட்சுமி கண்ணில் பட்டாள். இவரை விட்டுவிட வேண்டுமென்று கடைசி பெஞ்சில் கும்பிட்டபடி இருந்தாள். "நகை எதையும் விக்கல" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? யாருக்காக?

டிசம்பர் 12
பதினெட்டு மாதச் சிறை. பதவியும் போயிற்று.

1935 ஏப்ரல் 3
சிறையில் போய்ப் பார்த்தேன். மெலிந்திருக்கிறார். என்மேல் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சேல புதுசா இருக்கே. யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கல. துணி தைக்கிறேன்."

காவலர் கூப்பிடும்வரை என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.