இரண்டு பொட்டலம் நந்தியாவட்டை

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள அக்காவுக்கு அனுப்பிரியா எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட மாட்டேன். உனக்கு ஏற்கெனவே தெரிந்ததும் நடுநடுவே வரும், அதை விட்டால் தெரியாதது புரியாது. முழுக்கப் படித்து முடிக்கும்வரை என்மேல் கோபப்படாதே. அப்புறம் படலாம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன்னோடு வேலை செய்யும் டிஜோ அண்ணன் கோயமுத்தூரில் விமானம் இறங்கி, சின்னக்கானலில் இருக்கும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு நேராக நம் வாயனசாலைக்கு வந்தாராம். நீ சொன்ன அடையாளத்தை வைத்து நூலகர் கற்பகம் அக்காவிடம் கொடுத்து, "அந்தப் பொண்ணு கையில மட்டும் கொடுக்கணும்" என்று இரண்டு முறை சொன்னாராம். கற்பகம் அக்கா எதுவும் கேட்கவில்லை. "உனக்குத்தான். இங்கயே உக்காந்து படிச்சுட்டுப் போ, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகவேண்டாம்" என்று மட்டும் சொன்னார். இப்போதும் அதே மேஜையில்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி: அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீர் இந்த முறை நேரத்துக்கு விட்டுவிட்டார்கள், அதனால் அப்பா நாற்று நட்டுவிட்டார். ஓணப் பரீட்சையில் எனக்கு மலையாளத்தில் மட்டும் மதிப்பெண் குறைந்துவிட்டது. இவையெல்லாம் உண்மைதான். ஆனாலும் இவற்றை எழுதும்போது வேறொன்றை எழுதத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அந்த வீட்டைப் பற்றி எழுதவேண்டும்.

போன வருடம் கார்த்திகையில் பூபதிராஜா மாமா அந்த வீட்டின் படத்தை எல்லோருக்கும் அனுப்பினார். அயர்லாந்தில் உனக்கு முதியோர் இல்லத்தில் வேலை உறுதியாகிவிட்டது, தங்குவதற்கு வீடும் கிடைத்துவிட்டது, கருங்கல் வீடு, நூற்றைம்பது வருடம் பழையது என்று. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன கண்ணு, வெள்ளைக்காரன் சத்திரமாட்ட இருக்குது" என்றார். எனக்கு அந்தக் கூடத்தின் படம் மட்டும்தான் கண்ணில் நின்றது. தரையிலிருந்து கூரைவரை புத்தக அலமாரி. மாமா என்னிடம், "பத்தாவது முடிச்சுட்டு வா அனு, அந்தப் புஸ்தகமெல்லாம் உனக்குத்தான்" என்று சொன்னார். நான் மறுநாளே வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நீ போக விரும்பவில்லை என்று எனக்குத் தெரியும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வேலையை நீ எவ்வளவு ஆசையாகச் சொல்வாய் என்றும் தெரியும். ஆனால் மாமா உன்னைக் கட்டியவர், நம் அத்தை மகனும்கூட. அத்தையும் அவர் வீட்டுக்காரர் செங்கோட்டையன் மாமாவும் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். யாரிடமும் நீ முடியாது என்று சொல்லவில்லை. "குலதெய்வத்துக்கிட்டப் பூ கேட்டுப் பாக்கலாங்க. சாமி என்ன சொல்லுதோ அப்படியே செய்யறேன்" என்று மட்டும் சொன்னாய். எல்லோருக்கும் அது நல்ல பேச்சாகப் பட்டது. அன்று சாயங்காலம் நீ என் தலையைப் பின்னிக்கொண்டே, "சிவப்பு வரோணும்னு வேண்டிக்க அனு" என்றாய். நான் சரி என்றேன்.

நம் கோயிலில் பூசாரி கையால் பொட்டலம் கட்டினால் பின்னால் பேச்சு வரும் என்று, கேட்கிற வீட்டுக் கன்னிப்பெண்தான் கட்டவேண்டும். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெளியே ஒன்றுபோலவே தெரியவேண்டும். கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் உட்கார்ந்து நான் கட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதுதானே முறை.

அக்கா, நான் இரண்டிலும் நந்தியாவட்டையைத்தான் வைத்துக் கட்டினேன். செவ்வரளியைக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

பூசாரி இரண்டையும் சாமி முன்னால் உருட்டிவிட்டார். கூட்டத்திலிருந்த ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். பிரித்ததும் வெள்ளை. அத்தை குலவை போட்டார். அந்தச் சத்தத்தில் நான் மற்றப் பொட்டலத்தை எடுத்துத் தாவணி முடிச்சில் வைத்துக்கொண்டேன். நீ சாமியைப் பார்த்தபடியே நின்றிருந்தாய். நீ அழவில்லை. "சரிங்க" என்று சொன்னாய். அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எதுவும் இந்த மாதிரி என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை. ஆனால் உண்மையாக எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதனால் இதையும் எழுதுகிறேன்: அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தை மாதம் நீங்கள் போனீர்கள். முதல் வாரமே நீ மாடி அறைக் கதவைப் படமெடுத்து அனுப்பினாய். பித்தளைத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. "எந்தப் புத்திசாலி இப்படிப் போட்டானோ" என்று எழுதியிருந்தாய். கதைப் புத்தகத்தில் வருகிற வீடு மாதிரி இருக்கிறதே என்று நான் குதித்தேன். யாரை உள்ளே அடைத்தார்கள், சுவரில் கீறல் இருக்கிறதா, கேட்டுச் சொல் என்று உன்னைப் பத்து நாள் பிடுங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடியோவில் பேசியபோது, "மாமா, அக்கா சண்டை போட்டா அந்த ரூம்ல போட்டுத் தாப்பாப் போட்டுருங்க" என்றேன். செங்கோட்டையன் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். பூபதிராஜா மாமாவும் சிரித்தார். நீ அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று எழுந்து போய்விட்டாய். நான் சொல்லித்தான் அவருக்கு அது தோன்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

ஆடி மாதம் நீ முதியோர் இல்லத்துத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டாய். அப்பா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அப்பா, நான் வந்துரட்டுங்களா" என்றாய். ஏன் என்று அப்பா கேட்டார். மாமாவுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை, அதனால் கோபமாகவே இருக்கிறார், வெளியே போனால் உன்னை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார் என்றாய்.  அப்பா, "பூக் கேட்டுப் போன எடம் அம்மிணி. வெள்ளப்பூ குடுத்த சாமி கைவிடாது. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க" என்றார். நான் பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அன்றே வாயைத் திறந்திருக்கவேண்டும். இரண்டு எட்டு வைத்தால் அப்பாவின் பக்கத்தில் போயிருக்கலாம். நான் பால் ஆறுகிறது என்று உள்ளே போனேன். நீ அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மாமாவின் போனிலிருந்து மட்டும் உன் படங்கள் வந்தன. கடலோரம் நிற்பது, கேக் வெட்டுவது. எல்லாவற்றிலும் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போன மாதம் டிஜோ அண்ணனின் காரில் நீ வீட்டுக்கு வந்து இறங்கியதற்காக மாமா உன்னை அந்த மாடி அறையில் வைத்து, சனிக்கிழமை மாலையிலிருந்து மறுநாள் காலைவரை தாழ்ப்பாள் போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். பாஸ்போர்ட்டும் போனும் அவரிடம் இருப்பதையும் எழுதியிருந்தாய். நான் முன்பு கேட்டுக்கொண்டே இருந்தேனே என்று, அந்த வீட்டின் கதையையும் எழுதியிருந்தாய். நீ வேலை செய்யும் இல்லத்தில் இருக்கும் தொண்ணூற்றிரண்டு வயதுப் பெரியவர் சின்ன வயதில் அந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தாராம். அந்த வீட்டுக்காரன், மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊரில் சொல்லிவிட்டு, அவளைப் பதினோரு வருடம் மாடியில் வைத்திருந்தானாம். அவளுடைய அம்மா எழுதிய கடிதங்களுக்கு அவனே பதில் எழுதினானாம், அவள் சுகமாக இருக்கிறாள் என்று. மாடியிலிருந்து தட்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம். காற்றுக்கு ஜன்னல் அடிக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்களாம். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்" என்றாராம்.

கடைசியில் நீ, "யாருகிட்டயும் சொல்லாதே அனு. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னுதான் எழுதினேன்" என்று முடித்திருந்தாய். அக்கா, அந்த வார்த்தையை நான் மீறிவிட்டேன்.

நான்கு நாள் யோசித்தேன். உன்னை அங்கே அனுப்பியது சாமி என்று அப்பா நம்பும்வரை நீ கூப்பிட்டாலும் அப்பா வா என்று சொல்லமாட்டார். அந்த நம்பிக்கையைக் கட்டிக்கொடுத்தவள் நான். அதனால் இன்று காலை அப்பா வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனபோது பின்னாலேயே போனேன். "என்ன சாமி, பள்ளிக்கூடம் இல்லைன்னா தூங்கமாட்டயா" என்றார். "ஒண்ணு சொல்லோணுங்கப்பா" என்றேன். எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

அப்பா மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு, "ரெண்டுலயும் வெள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். வாய்க்கால் தண்ணீர் மடையைத் தாண்டி ரத்தினசாமி அண்ணன் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், ஆனால் அடைக்கவில்லை.

பிறகு சொன்னார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "சிவப்பு வந்திருந்தா மறுக்கா ஒருக்கா கேட்டிருப்பேன் சாமி. வெள்ளை வர்ற வரைக்கும் கேட்டிருப்பேன். எங்க அக்கா ஊட்டுக்காரங்களுக்கு நான் முன்னாடியே வாக்குக் குடுத்துப்போட்டேன். அம்மிணி மொகத்தப் பாத்தா அவளுக்கு இஷ்டமில்லைன்னு எனக்குத் தெரியாதா? சாமி பேருல போட்டுட்டா நாம் பேசவேண்டியதில்லைன்னு இருந்துட்டேன்."

 என் தப்பு அதனால் குறைந்துவிட்டது என்று தோன்றவில்லை. அப்பா இவ்வளவு நாள் அதைத் தனியாக வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்றுதான் நினைத்தேன்.

உன் கடிதத்தைக் கேட்டார். கற்பகம் அக்காவிடமிருந்து நேற்றே வாங்கி வைத்திருந்தேன். கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் என்னையே படிக்கச் சொன்னார். தாழ்ப்பாள் போட்ட இடம் வந்ததும் போதும் என்று கையைக் காட்டினார்.

அதற்கப்புறம் அப்பா சும்மா இருக்கவில்லை. டிஜோ அண்ணன் கற்பகம் அக்காவிடம் விட்டுப்போன எண்ணுக்குப் பேசினார். அவர் வியாழக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறார். நாளை விடியும் முன்னே அப்பா பொள்ளாச்சி பஸ் ஏறி, உடுமலைப்பேட்டை, மூணாறு வழியாகச் சின்னக்கானல் போய், இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுக்கப்போகிறார். தபாலில் போட்டால் போதுமே என்றேன். "நானே போகோணும்" என்றார்.

மத்தியானம் செங்கோட்டையன் மாமா வந்தார். நாளைக்கு எங்கே பயணம் என்று கேட்டார். அப்பா, சின்னக்கானலில் ஏலக்காய் நாற்றுப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னார். "ஏனுங்க மச்சான், தென்னைக்கே இங்க தண்ணி பத்தல, ஏலக்காய் வெச்சு அதுக்கு ஏ.சி.யா போடப்போறீங்க" என்று மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அத்தை வீட்டுக்கு இப்போது எதுவும் தெரியவேண்டாம், நீ அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபிறகு தானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லிவிட்டோம். அம்மா உன் பீரோவைத் திறந்து எல்லாத் துணியையும் வெயிலில் போட்டார்.

இனி நீ செய்யவேண்டியது. டிஜோ அண்ணன் சொன்னபடியே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாதே. அங்கே இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போ, அவர் மனைவி உனக்காக அறை ஒதுக்கி வைத்திருக்கிறார். துணிமணி எடுக்கக்கூடத் திரும்பிப் போகவேண்டாம். பாஸ்போர்ட்டை மாமா தரவில்லை என்றால் நம் தூதரகத்தில் எழுதிக்கொடுத்து வேறு வாங்கலாமாம். அங்கே போலீசில் சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய், எதுவானாலும் அப்பா உன் பக்கம் நிற்பார். அதை எழுதச் சொன்னார். அங்கேயே வேலை செய்துகொண்டு தனியாக இருக்கவேண்டும் என்று தோன்றினாலும் இரு. வரவேண்டும் என்று தோன்றினால் வா. இந்த முறை யாரையும் கேட்கவேண்டாம், எதையும் கேட்கவேண்டாம்.

கொஞ்சம் முன்னே இங்கே வந்த அப்பா இதன் அடியில் தன் கையால் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிப்போனார். அரைமணி நேரம் வைத்திருந்துவிட்டு, "நீயே எழுதிரு சாமி, எனக்கு வரமாட்டீங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் நானே எழுதுகிறேன். அப்பா உன்னைக் கூப்பிடுகிறார்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீ பதில் போட வேண்டாம். என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, கோபத்தோடேயே வா. நீ இருக்கும் இடத்தில் உன் கை பட்டுத் திறக்கிற கதவுகளாகவே இருக்கட்டும்.

உன் தங்கை,
அனுப்பிரியா.

மணி ஏழாகிவிட்டது. கற்பகம் அக்கா ஜன்னல்களைச் சாத்திவிட்டு, "முடிஞ்சுதா கண்ணு" என்று கேட்டார். முடிந்தது என்றேன். முன்பக்க விளக்கை அணைத்துவிட்டார். இப்போது என் மேஜைக்கு மேல் இருப்பதையும் அணைக்க வருகிறார்.