இரண்டு நாள் வழி

காஸாபிளாங்கா
12 ஏப்ரல் 1994

என் ஈரக்குலையே, மகன் ஜவாதுக்கு உம்மாவின் ஸலாமும் முத்தங்களும்.

நீ கடிதம் போட்டு இரண்டு மாதமாகிறது. பேனா தொலைந்துவிட்டதோ என்னவோ. போகட்டும்.

எதிர்வீட்டு நுஸ்ஹா உங்கள் மொண்ட்ரியலிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். வியாழக்கிழமை ஹம்மாமில் தெருப் பெண்களெல்லாம் குளித்துக்கொண்டிருந்தோம். பயணக் களைப்பு தீர்ந்ததா என்று அவளைக் கேட்டேன். "என்ன களைப்பு மாமி? நேரா ஒரே ப்ளேன், ஏழு மணி நேரம். சாப்பிட்டேன், ஒரு தூக்கம் போட்டேன், ஊர் வந்துடுச்சு" என்றாள்.

மூன்று வருடமாக நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே, அது இரண்டு நாள் வழி, மூன்று விமானம் மாற வேண்டும், அதனால்தான் வாப்பாவின் அடக்கத்துக்கு என் ஒரே பிள்ளையால் வர முடியவில்லை என்று! நீ போனில் சொன்னதைத்தான் சொன்னேன்.

"ஏன்டி ரகிய்யா, உன் மவன் என்ன ஒட்டகத்துலயா போனான்?" என்றாள் ஃபாத்திஹா. எல்லோரும் சிரித்தார்கள். "நாந்தான் தப்பா விளங்கிட்டேன் போல" என்று சொல்லிவிட்டு, சோப்பு நுரை போகாத உடம்போடு எழுந்து வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நுஸ்ஹா ஏதோ மாற்றிச் சொல்கிறாள், இல்லையா?

உன் உம்மா
ரகிய்யா


மொண்ட்ரியல்
27 ஏப்ரல் 1994

அன்பு உம்மாவுக்கு ஜவாதின் ஸலாம். உங்கள் கைகளை முத்தமிடுகிறேன்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. வேலையும் அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

நுஸ்ஹா வந்தது புதிதாக விட்ட விமானம். அப்போது அதெல்லாம் கிடையாது. பாரிஸில் இறங்கி, காத்துக் கிடந்து, ஒரே அலைச்சல்தான். ஃபாத்திஹா மாமியின் வாய்க்கெல்லாம் பதில் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய உப்புக்கண்டம் இன்னும் இருக்கிறது.

உம்மா, இத்தனை நாள் கேட்கவில்லை. வாப்பாவின் கபுருக்குள் இறங்கி அவரைக் கிடத்தியது யார்?

உங்கள் மகன்
ஜவாது


காஸாபிளாங்கா
10 மே 1994

மகன் ஜவாதுக்கு,

கபுருக்குள் இறங்கியது தெருமுனை ரொட்டி அடுப்புக்காரர் ஸாலிஹ். "இது ஜவாது நிக்க வேண்டிய எடம்"னு சொல்லி அழுதாராம்.

அன்று மாலை பாங்கு நேரத்தில் வாப்பாவின் மூச்சு நின்றது. உடனே உனக்குப் போன் செய்தேன். மறுநாள் நண்பகல் தொழுகைக்குப் பிறகுதான் அவரை அடக்கத்துக்கு எடுத்தார்கள். நுஸ்ஹாவின் வாப்பா மொண்ட்ரியல் போய்விட்டு அந்த வருடமே, இப்போது நுஸ்ஹா வந்த இதே இரவு விமானத்தில் திரும்பி வந்தவர். விடிந்ததும் வந்து சேருமாம். என் மகனுக்காகக் காத்திருக்க வேண்டாமென்று என் வாயாலேயே சொல்லி அனுப்பினேனே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. ஹம்மாம் சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை.

ஏன் என்று கேட்கமாட்டேன். உயிரோடு இருந்தபோது அப்பனோடு பேசாதவன் இப்போது மட்டும் வந்துவிட்டான் என்று ஊர் சொல்லுமே என்று பயந்தாய். பிடிவாதத்தில் நீயும் அவரும் ஒன்றுதான். ஊர் இப்போதும் சொல்கிறது. என்னிடம் சொல்கிறது.

இத்தனை வருடமும் வழியில் கெட்டுவிடுமே என்று உனக்கு உப்புக்கண்டமும் காய்ந்த பிஸ்கட்டுமாக அனுப்பினேன். உனக்குப் பிடித்த மஸ்மன் ரொட்டியை ஒரு நாளும் அனுப்பியதில்லை. இன்று காலை சுட்டு, தேன் தடவி, இந்தக் கடிதத்தோடு நுஸ்ஹா கையில் கொடுத்திருக்கிறேன். ஏழு மணி நேரத்தில் கெடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் நேரம் வரும்போது, எத்தனை மணி நேரம் காத்திருக்கச் சொல்லட்டும்? உள்ளதை எழுது. காத்திருக்க வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடு, ஸாலிஹிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உம்மா