திரை கட்டிய கட்டில்

ஆகஸ்ட் 23, சனி

நேற்று அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், ராத்திரி அம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு, விடிந்துதான் திண்டிவனம் வந்தோம். அத்தை எனக்காகத் தொட்டில் கட்டினார். கல்யாணமாகி ஒன்றரை வருடம். தெருவில் எதிரே வருபவர்கள் எல்லாம் “விசேஷம் எதுனா உண்டா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அம்மனிடம் நான் பிள்ளை கேட்கவில்லை. ஒரு ரூம் கேட்டேன். கதவு வைத்தது.

ஆகஸ்ட் 26

ஸ்கூலில் நான் எடுக்கும் ஏழாம் வகுப்புக்கு இடைக்கால மக்களின் வீடுகள் பற்றி ஸ்மார்ட் போர்டில் நடத்த வேண்டுமாம். நெட்டில் தேடினேன். சோழர் கால வீடு என்று போட்டால் கோயில் கோயிலாக வருகிறது. கல்வெட்டில் நிலம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நெய் இருக்கிறது. அத்தனை ஜனமும் எங்கேதான் பாய் விரித்தார்கள்?

ஐரோப்பா பக்கம் போனேன். ஒரு அருங்காட்சியகத்தின் தளத்தில் அந்தக் காலக் குடியானவர் வீட்டுக்குள் விரலாலேயே நடக்கலாம். ஒரே கூடம், நடுவில் அடுப்பு, ஓரத்தில் மாடு. அடுப்பைச் சுற்றி எல்லாருக்கும் வைக்கோல் படுக்கை. சிரிப்பு வந்துவிட்டது. மாடு ஒன்றுதான் குறை, மற்றபடி எங்கள் வீடு.

எங்களுக்கு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. ஹாலில் நான், அத்தை, நாத்தனார் பிரியா. என் வீட்டுக்காரர் பூவரசன் வாசலில் கட்டில் போட்டுக்கொள்வார். மாடியில் ரூம் கட்டலாம் என்று மாமா உயிரோடு இருந்தபோது விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன.

ஆகஸ்ட் 29

மழை. நேற்று அவர் உள்ளே படுத்தார். நடுவில் அத்தையும் பிரியாவும். அவர் இருமினால் எனக்காக இருமுகிறாரோ என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பைத்தியம்.

செப்டம்பர் 4

அதே தளத்தில் இன்று பணக்காரர் வீட்டுக்குள் போனேன். கட்டிலைச் சுற்றித் திரை! வேலைக்காரர்கள்கூட அதே அறையில் படுப்பார்களாம். திரையை இழுத்துவிட்டால் உள்ளே தனி வீடு. விரல் வைத்தால் மூடிக்கொள்கிறது. மூடினேன், திறந்தேன், திரும்ப மூடினேன்.

அவருக்குப் படம் அனுப்பினேன். விழுப்புரத்தில் டயர் கடையில் நிற்கிறவர் என்ன பதில் போடுவார்? “கொசுவலையா?” என்று போட்டார். அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது: “எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும்னுதான் இருக்குது.”

செப்டம்பர் 9

ஸ்கூல் விட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் ரயிலிலிருந்து இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். தாலி கட்டினவரோடு ஒளிந்து பேசுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“மாடி கட்டிட்டா சரியாப் பூடும்” என்றார்.

“எப்போ? நமக்கு அறுபதாம் கல்யாணம் நடக்கறப்பவா?”

சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. எனக்கு இவர் வேணும். பக்கத்துல வேணும். இதை எந்த வாயால் யாரிடம் சொல்ல?

செப்டம்பர் 14, ஞாயிறு

ஹாலில் உட்கார்ந்து பாடம் தயார் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அத்தை மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டே போனை எட்டிப் பார்த்தார்.

“இத்தினி பேரும் ஒரே எடத்துலயா படுத்துக்கினு இருந்தாங்க?”

“ஆமா அத்தை.”

“அப்போ புள்ள எப்படிப் பெத்தாங்களாம்?”

பிரியா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். திரை கட்டிய கட்டிலைக் காட்டினேன். அத்தை விரல் வைத்தார். திரை மூடிக்கொண்டது. உரிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். பிறகு, “உலை கொதிக்குது பாரு” என்றார்.

உலையே வைக்கவில்லை.

செப்டம்பர் 17

பாடம் முடிந்தது. குடியானவர் வீட்டைக் காட்டியதும் ஒரு பெண் எழுந்து, “மிஸ், எங்க வீடும் இப்படித்தான்” என்றாள். உட்கார் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு, அமாவாசை

மத்தியானம் மாமாவுக்குப் படையல் போட்டோம். சாப்பிட்டதும் அத்தை மேல்மலையனூர் கிளம்பினார். நானும் பையை எடுத்தேன்.

“நீ வராத. நானும் பிரியாவும் போய்க்கினு வர்றோம். ஊஞ்சல் பாத்துட்டு காலையிலதான் வருவோம்.”

“நான் கொண்டாந்து உடட்டுமா?” என்றார் இவர்.

“நீ எதுக்குடா? பஸ்ஸு இருக்குது.”

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “கதவத் தாப்பா போட்டுக்கோ. தெருவுல நாயி சுத்துது” என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவர்களை ஏற்றிப்போன ஆட்டோ முனை திரும்பியதும் தெருவைப் பார்த்தேன். ஒரு நாயும் இல்லை. நல்ல வெயில். மழைக்கு அறிகுறியே கிடையாது. இவர் வாசல் கட்டிலை உள்ளே தூக்கி வருகிறார். நிலைப்படியில் இடிக்கிறது, ஒரு கை பிடி என்று கூப்பிடுகிறார். கட்டில் உள்ளே வந்ததும் தாழ் போட வேண்டும். போகிறேன்.