தண்ணீர் காட்டாத மேல்காடு

சித்திரை 9, வியாழன்.

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பன்னீர்த் திராட்சையைச் சந்தைக்கு அனுப்புவதென்றால் அறுப்புக்கு முன் தண்ணீர் விட்டு உப்ப வைப்போம். ஒயினுக்கு அது ஆகாது, சாறு நீர்த்துவிடும். அதனால், ஒயின் ஆலைக்குக் கொடுக்கலாமென்று, மேல்காட்டுத் தோட்டத்துக்கு நான் தண்ணீரை நிறுத்திவிட்டேன். பழம் சிறுத்தது. மாமனார் தினமும் கேட்டார்: "ஏனம்மணி, உலர்திராட்சைக் கடை வெக்கப் போறியா?" ஆலைக்காரர்கள் வேண்டாமென்றுவிட்டால் இதைச் சந்தையிலும் சீந்த மாட்டார்கள். பயந்துகொண்டேதான் இருந்தேன்.

இன்று ஆலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மாமா தண்ணீர் விட்ட கீழ்க்காட்டில் ஒரு பழம் தின்றார். "இது ஜூசுக்கு ஆகுமுங்க" என்று நகர்ந்துவிட்டார். மேல்காட்டுச் சரளை மண்ணில் விளைந்ததைத் தின்றவர், தோலை மென்றபடி அப்படியே நின்றார்.

"தோலோட ஊறப்போட்டா நல்லா நெறம் எறங்குமுங்க. மேல்காடு முழுக்க எங்களுக்கே குடுத்துருங்க."

மாமா தொண்டையைச் செருமினார். "தண்ணி உட வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன்."

சிரிப்பை அடக்க, இடுப்பிலிருந்த பாப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அறுப்பு. அதற்குள் மழை வந்துவிடக் கூடாது. வந்தால் மாமாவைத்தான் கேட்க வேண்டும். தண்ணீர் விஷயமெல்லாம் இப்போது அவர் பொறுப்பாயிற்றே.