பின் சக்கரத்தில் சாம்பல் மண்

திங்கள், மார்ச் 4, 1907

காலையிலேயே சுள்ளென்று வெயில். இந்த வாரம் நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். எனக்கு அவமானமானதையும் சேர்த்து.

டாக்டர் துரையின் மோட்டார் பிரேக் பிடித்தால் கத்துகிறது. பன்றி கத்துகிற மாதிரி. ஆஸ்பத்திரி இறக்கத்தில் கத்தியபோது நோயாளிகள் எழுந்து வெளியே வந்தார்களாம். துரைக்கு வெட்கம். மோட்டாரைக் கழுவித் துடைப்பது அப்பா. மோட்டார் வருவதற்கு முன் துரையின் குதிரை வண்டி ஓட்டியவர். இப்போது ஓட்டுவது மெட்ராஸிலிருந்து வந்த டிரைவர் ராஜமாணிக்கம்.

அவன் துரையிடம்: "லாயத்து ஆளு சார். மாட்டு வண்டிக்குப் போடற மையை எடுத்து பிரேக்ல தடவிட்டான். அதான் கத்துது."

அப்பா: "நான் தடவலைங்க துரை."

துரை கெடு வைத்துவிட்டார்: சனிக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் அப்பாவுக்கு வேலை இல்லை. லாயத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த வீடும் இல்லை. அம்மாவின் ஊருக்குப் போக வேண்டும். அங்கே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

போகும்போது ராஜமாணிக்கம் என்னிடம்: "இன்னா பாப்பா, பொஸ்தவத்த மூட்டை கட்டிட்டியா?"

மறக்க மாட்டேன்.

செவ்வாய்

புளி வாங்க வேண்டும். பூகோளத்தில் நதிகள் முடிந்தன.

யோசித்தது: கதவுக் கீல் கத்தினால் அம்மா விளக்கெண்ணெய் விடுவாள். கத்தல் நின்றுவிடும். மை தடவிய பிரேக்கும் அப்படித்தானே? வழுக்கும், கத்தாது. ராஜமாணிக்கம் சொன்னது பொய்.

சாயங்காலம் மோட்டார் கேட்டுக்குள் திரும்பியபோது கூடவே ஓடினேன். சத்தம் முன்னால் இல்லை. பின் சக்கரம், இடது பக்கம். கத்தலுக்கு அடியில் இன்னொரு சத்தமும். அம்மியில் மண் விழுந்தால் வருமே, அந்த நறநற.

அம்மா: "வயசுக்கு வந்த பொண்ணு வண்டி பின்னாடி ஓடறியே, இன்னா கேடு உனக்கு?"

புதன்

பெருங்காற்று. சோற்றிலும் தூசி.

ராஜமாணிக்கம் சாப்பிடப் போனதும் மோட்டார் நிற்கும் ஷெட்டுக்குள் போனேன். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு இரும்பு உருளை. அதைச் சுற்றி ஒரு பட்டை. பிரேக் மிதித்தால் பட்டை உருளையை இறுக்குகிறது. இடுக்கில் கொண்டை ஊசியை விட்டுச் சுரண்டினேன். கைக்குட்டையில் விழுந்தது சாம்பல் நிற மண், மாவு போல.

துரையின் பங்களாவிலிருந்து ஆஸ்பத்திரி வரை செம்மண் சாலை. சாம்பல் மண் ஓரிடத்தில்தான் உண்டு: சுரங்கத்துக் கல்லை அரைத்துப் பொன் எடுத்த பிறகு மீதியைக் கொண்டுபோய்க் கொட்டுகிற சயனைடு மேடு. துரை அந்தப் பக்கம் போவதே இல்லை.

மேட்டுப் பக்கம் இருக்கும் பால்கார நாகம்மாவிடம், மோட்டார் அங்கே வந்ததா என்று மெதுவாகக் கேட்டேன். சிரித்தாள். "ஞாயித்துக்கெழம துரைய சர்ச்சுல எறக்கி வுட்டதும் மோட்டார எடுத்துகினு வர்றாம்மா அந்த டிரைவரு. கோழிச்சண்டை பாக்க வந்தவங்கள ஏத்திகினு மேட்ட சுத்தறான். நானும் ஏறினேன். இடுப்பு இன்னும் நேராவல."

அப்பாவிடம் சொன்னால் இன்றே துணியை விட்டுத் துடைத்துவிடுவார். சத்தம் போகும், வேலை தங்கும். ராஜமாணிக்கமும் தப்பிவிடுவான்.

சொல்லவில்லை.

வியாழன்

கணக்கில் நான்தான் முதல்.

அப்பா பழைய சேணத் துணியை மடித்து மூட்டை கட்டினார். "இன்னாத்துக்குப்பா இப்பவே?" "கடைசி நாள்ல அவசரப்படக் கூடாதும்மா." மண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூட்டையின் முடிச்சை நானே இறுக்கினேன்.

கைக்குட்டையில் அந்த மண் இன்னும் இருந்தது. மேட்டுத் தண்ணீர் குடித்த ஆடுகள் செத்துப்போகும். ராஜமாணிக்கத்தின் மோர்ச் செம்பு ஷெட் படியில். பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மண்ணைக் குழி தோண்டிப் புதைத்தேன், கையைத் தேய்த்துக் கழுவினேன். அவன் உயிரோடு இருந்து வெட்கப்பட வேண்டும்.

வெள்ளி

சத்தம் இன்னும் மோசம். சந்தோஷம். அப்பா காலையில் கஞ்சி குடிக்கவில்லை.

சனி

மேகம், மழை இல்லை. துரை ஷெட் வாசலில் வந்து நின்றார். மோட்டார் கத்திக்கொண்டே நின்றது. அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் முன்னால் போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷில் சொன்னேன்: ஐயா, இடது பின் சக்கரத்தை டிரைவரையே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராஜமாணிக்கம்: "லாயத்துக் குட்டி சொல்லி நான் கழட்டணுமா சார்?"

துரை: "கழட்டு."

தன் கையாலேயே கழற்றினான். பட்டையைத் தளர்த்தியதும் சாம்பல் மண் அவன் மடியில் கொட்டியது. துரை குனிந்து பார்த்தார். மேட்டு மண் என்று அவருக்கும் தெரிந்தது. "ஞாயிறு எங்கே போனாய்?" என்று தமிழிலேயே கேட்டார். அவன் காதோரம் வேர்வை வழிந்ததைக்கூடப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் நின்றேன்.

அப்பாவுக்கு வேலை உண்டு. ஓட்ட வேறு ஆள் இல்லாததால் ராஜமாணிக்கமும் இருப்பான். ஆனால் இனி மோட்டாரை அவன்தான் கழுவ வேண்டும், அப்பா நின்று பார்க்க வேண்டும். நான் கேட்டிருந்தால்கூட இவ்வளவு நன்றாகக் கேட்டிருக்க மாட்டேன்.

சாயங்காலம் அப்பா: "எப்போலருந்து தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

கட்டி வைத்த மூட்டையைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். வாளியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். ஜன்னலில் தெரிந்தது: ராஜமாணிக்கம் சக்கரத்தைத் தேய்க்கிறான், அப்பா தண்ணீர் ஊற்றுகிறார். அவனுக்கு.

எனக்கு வருத்தம் இல்லை. அவனை மன்னிக்கவும் இல்லை. சோறு ஆறுகிறது. அம்மா அப்பாவை இரண்டு முறை கூப்பிட்டாள். "நீங்க சாப்டுங்க" என்று ஷெட்டிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது, என் பெயரைச் சொல்லாமல். ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்பா இன்னும் வரவில்லை.