தவிட்டுக்கு விற்ற பெண்

என் பெண்ணுக்கு அம்மாவாக இருந்த அருமைக் கோமதி அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை நான் ஏகவசனத்தில் அழைத்ததில்லை. என்னைவிட மூத்தவள், ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள் என்ற மரியாதை. இன்று அந்த மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கோபத்தில் 'நீங்கள்' என்று எழுத வரவில்லை. பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் தெருவைத் தாண்டி வந்து என்னோடு சண்டை போட உன்னால் இனி முடியாதே.

இதை ஒரு மாதர் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். மளிகை கட்டி வந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கற்றுக்கொண்டவள் எழுதுவதைப் போடுவார்களோ, மாட்டார்களோ. போட்டால் நம் வலியசாலைத் தெருவில் நாலு வீட்டிலாவது வாசிப்பார்கள். உன் நாத்தனார் செல்லம்மா அத்தைக்கும் யாராவது உரக்க வாசித்துக் காட்டுவார்கள். அது நடக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக இவள் பிறந்ததும், முறத்தில் கிடத்தி வாசலுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் தங்கும் கைராசிக்காரி என்று உன்னைக் கூப்பிட்டார்கள். நீ ஒரு நாழி தவிட்டைக் கொட்டிவிட்டு, எதிர்வீட்டுக்காரியான என்னிடமிருந்து குழந்தையை விலைக்கு வாங்கிக்கொண்டாய். யமன் என் வாசலுக்கு வந்து தேடினால், 'இங்கே குழந்தை ஏது?' என்று கையை விரித்துவிடலாம். அவள் குடித்தது என் பால், தூங்கியது என் மடி. ஆனால் அவளுக்கு நான் மாமி, நீ அம்மா. கூப்பிடும் பெயர் தவிட்டம்மா.

வீட்டு வரவு செலவைக் காசு பிசகாமல் எழுதுகிறவள் நான். அன்றைக்கு வரவில் 'தவிடு, ஒரு நாழி' என்று எழுதினேன். எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அவர் காலையில் கச்சேரி உத்தியோகத்துக்குப் போய்விடுவார். வீட்டில் இருந்து அந்தக் குழந்தையைப் பார்க்காமல் இருக்க வேண்டியவள் நானல்லவா?

ஆசையோடு பார்க்கக் கூடாது, அழகு என்று சொல்லக் கூடாது, உன் வீட்டுப் பழந்துணியில் தைத்த சட்டையைத் தவிர வேறு போடக் கூடாது. பெற்றவளின் கண்தான் முதல் கண் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அதனால் நான் என் குழந்தையை எப்படிப் பார்த்தேன் தெரியுமா? முற்றத்தில் உட்கார்ந்து வெண்கல உருளியைத் தேய்ப்பேன். புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கண்ணாடிபோல் ஆனதும் அதன் விலாவில் அவள் தெரிவாள். வளைந்து, பருத்து, மஞ்சளாகத் தெரிவாள். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு மொண்டு துளசிமாடத்துக்கு அபிஷேகம் செய்துகொண்டிருப்பாள். அந்த உருளி நம் தெருவிலேயே பளபளப்பான உருளி என்று பேர் வாங்கியது. என் சுத்தத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

உனக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. நீ அவளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாய், கொஞ்சினாய், தெரு முழுக்கக் கேட்க அதட்டினாய். பால்காரி குஞ்ஞம்மை ஒருநாள் செம்பை வைத்துவிட்டு, "எந்து பங்கியா இந்தக் கொச்சு!" என்றாள். மலையாளத்தில் அழகு என்று சொல்லிவிட்டாளே என்று நான் பதறினேன். நீ எதிர்வாசலிலிருந்தே கத்தினாய்.

"பங்கியாவது மண்ணாவது! மூக்கைப் பாருடீ, அமுக்கின கொழக்கட்டை மாதிரி. என் பொண்ணு எனக்கே சகிக்கலை, உனக்கென்ன பங்கி?"

குஞ்ஞம்மை சிரித்தாள், குழந்தையும் சிரித்தது. நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். உனக்கு அது நாடகம். என் குழந்தையை வைத்து நீ ஆடிய நாடகம். நான் அதில் வாய் பேசாத வேஷக்காரி.

அவள் முதல் அடி எடுத்து வைத்தது உன் வீட்டுக் கூடத்தில். நீ ஓடி வந்து சொன்னாய்: "உன் ஆத்துல நடக்க மாட்டாளாம். அம்மா ஆத்துலதான் நடப்பாளாம். பின்னே, என் பொண்ணல்லவோ!" நான் அடுப்பை ஊதினேன். புகையால் கண் கலங்கியது என்று நினைத்தாயா?

எனக்குக் கிடைத்தது எல்லாம் மிச்சம் மீதி. ஆனாலும் ஒன்றைக்கூட நான் விட்டுவிடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, "சாப்பிடு, அடம் பிடிக்காதே" என்று மண்சோறு ஊட்டுவாள். எறும்புச் சாரையின் குறுக்கே விரலை வைத்து, "நில்லு, எந்த ஆத்துக்குப் போறே?" என்று விசாரிப்பாள். புளியங்கொட்டைகளை எண்ணும்போது மூன்றைச் சொல்லவே மாட்டாள். மூன்றாவது கொட்டையைத் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், "இது தூங்கறது" என்பாள். சிவன் கோயிலில் நமஸ்காரம் செய்யும்போது ஒரு கண்ணைத் திறந்து, யார் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று பார்ப்பாள். அவள் முகத்தைப் பார்க்காமலே நான் இத்தனையும் பார்த்தேன்.

நாலு வயது முடிந்ததும் தவிட்டைத் திருப்பித் தந்து குழந்தையை மீட்டுக்கொள்வது என்பது பேச்சு. வாங்கினவள் தன் கையால் குழந்தையைக் கொடுக்க வேண்டும், பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். போன தை மாதம் புதுத் தவிடு சலித்து, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, உன் வீட்டுக்கு வந்தேன். நீ அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய்.

"நாலு ரெட்டைப்படையாச்சேடீ. அஞ்சு ஆகட்டும்," என்றாய்.

"அன்னிக்கு நாலுன்னுதானே சொன்னேள்?"

"அன்னிக்குத் தோணலை, இப்போ தோணறது. ஒரு வருஷம்தானே? எங்கே ஓடிடப் போறா, எதிராத்துலதானே இருக்கா?"

"அக்கா, நெஜத்தைச் சொல்லுங்கோ. இது பயமா, ஆசையா?"

நீ பின்னலை விடாமல் சிரித்தாய். "அஞ்சும் தடியன்களாப் போச்சேடீ. ஒருத்தனுக்காவது நான் தலை பின்ன முடியுமா? பயமும்தான், ஆசையும்தான். போ, தவிட்டைப் பசுவுக்கு வை."

நான் போனேன். பசுவுக்கு வைத்தேன். அந்த ஒரு வருஷம் என்னுடையது, அக்கா. ஐந்து பேரை உனக்குக் கொடுத்த பகவான் எனக்குக் கொடுத்தது ஒன்று. அதிலிருந்து ஒரு வருஷத்தை நீ சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டாய்.

ஆடி மாதம் ஒரு ஜுரம் வந்தது, போய்விட்டாய். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல், போகும்போது ஒரு வார்த்தை இல்லை. 'பார்வதி, உன் குழந்தை உன்னிடமே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உன்னைத் தூக்கியபோது அவள் என் இடுப்பில் இருந்தாள். "மாமி, அம்மாவை எங்கே தூக்கிண்டு போறா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். உன் நாத்தனார் மட்டும் அழுகைக்கு நடுவில் சொன்னாள்: "பெத்தவ வயித்துல ரெண்டு போச்சு. இப்போ வாங்கின அம்மாவையும் முழுங்கிட்டாளே!"

விளையாட்டுக்கு வாங்கிய அம்மா நிஜ அம்மா ஆகிவிட்டாள் பார்த்தாயா? யமனை ஏமாற்ற நாம் சொன்ன பொய்யை யமன் நம்பினானோ இல்லையோ, தெரு நம்பிவிட்டது. என் பெண் தாயில்லாப் பெண். தாயை முழுங்கிய பெண். பெற்றவள் நான் கல்லுப்போல் எதிரே நிற்கிறேன், யார் கண்ணிலும் படவில்லை.

வாத்தியாரிடம் போய் நின்றேன். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "வாங்கினவாதானே திருப்பிக் குடுக்கணும்? அவா போயிட்டாளே. வருஷாப்திகம் ஆகட்டும், அப்புறம் ஏதாவது பரிகாரம் பார்ப்போம்," என்றார்.

"அதுவரைக்கும் அவளுக்கு யார் அம்மா?"

"இப்படியெல்லாம் கேக்கப்படாது," என்றார்.

கேட்கக் கூடாதாம். இரண்டைப் பறிகொடுத்தபோதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பத்மநாபசுவாமி சந்நிதியில் போய் நின்று, நீ கொடுத்தாய், நீயே எடுத்துக்கொண்டாய் என்று வந்துவிட்டேன். ஆனால் இது சுவாமி செய்த காரியம் இல்லை. நாலு பேர் வாய் செய்கிற காரியம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் பெண்குழந்தைகள் கோடு கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். இவள் ஓட்டாஞ்சில்லைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்காக நின்றாள். மூன்று வீடு தள்ளியிருக்கும் பெண் ஒன்று இவள் சில்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "நீ கோட்டுக்குள்ளே வராதே. உன் கால் பட்டா எங்கம்மாவும் செத்துப்போயிடுவா," என்றது. ஏழு வயதுகூட இருக்காது அதற்கு. யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? உன் வீட்டு வாசலில் திரி திரித்துக்கொண்டிருந்த செல்லம்மா அத்தை, "குழந்தைகளுக்குக்கூட எவ்வளவு விவரம் பாரு," என்றாள்.

என் பெண் அழவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி உள்ளங்கால்வரை திருப்பிப் பார்த்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று தேடினாள், அக்கா.

மாவுக் கையோடு தெருவில் இறங்கினேன். அவளை இழுத்து என் முன்னே நிறுத்திக்கொண்டேன்.

"யாருடீ அம்மாவைத் தின்னது? நான் பெத்தேன் இவளை. இதோ உசிரோட நிக்கறேன், எல்லாரும் நன்னாப் பாத்துக்கோங்கோ. இவ பேரு தவிட்டம்மா இல்லை, காந்திமதி. காந்திமதி என் பொண்ணு!"

திரி திரித்த கை நின்றது. "ஏன்டீ பார்வதி, புத்தி பெசகிப் போச்சா? வித்தவ நீ. சடங்கு முடியாம சொந்தம் சொன்னா தெய்வக் குத்தம்."

"தெய்வம் நம்மாத்துத் தவிட்டை அளந்துண்டு உக்காந்திருக்கலை, அத்தை."

"நாளைக்கே அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆனா, என் குழந்தைன்னு மாரிலே அடிச்சுண்டு அழுவேன். போன ரெண்டுக்கு அழுதேனே, அப்படி. எதிராத்துக் குழந்தைன்னு கதவுக்குப் பின்னாலே நின்னு அழ மாட்டேன்."

இத்தனையும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பத் தொட்டேன். சுடவில்லை. சுவாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, தண்டனை உண்டானால் எனக்குக் கொடு என்று சொன்னேன். என் கோபமும் என் பயமும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. உன்னிடம் மறைப்பானேன்?

விளக்கு வைத்தபின் அவளுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். இந்தத் தடவை நேரே முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். மேல் உதட்டில் உன்னைப்போல் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது அவளுக்கு. உருளியில் அது தெரிந்ததே இல்லை. ஐந்து வயது ஆகப்போகிற என் குழந்தையின் மச்சத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"மாமி, நீயா என்னைப் பெத்தே?" என்றாள்.

"ஆமாம்."

"அப்போ அம்மா?"

"அம்மா உன்னை வாங்கிண்டா."

"தவிட்டுக்கா?"

"ஆமாம்டீ, கண்ணே."

வாயில் இருந்த கவளத்தை மென்று விழுங்கினாள். அப்புறம் கேட்டாள்: "நீ ஏன் என்னை வித்தே?"

கோமதி அக்கா, இந்தக் கேள்விக்கு நீயல்லவா இருந்திருக்க வேண்டும்? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்து, 'உங்கம்மா பயந்தாங்கொள்ளிடீ, நான்தான் உன்னைப் பத்திரமா வச்சிருந்தேன்' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நான் சொன்னால் அது சமாதானம். நீ சொன்னால் அதுதான் கதை. குழந்தையைத் திருப்பிக் கொடுக்காமல் போனாய், பதிலையும் கொடுக்காமல் போனாய். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அவள் இன்னமும் என்னை மாமி என்றுதான் கூப்பிடுகிறாள். காலையில் எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் வாசலைத்தான் பார்க்கிறாள்.

அம்மா என்ற அந்தச் சொல்லை அவளிடமிருந்து நான் பிடுங்க மாட்டேன். அவள் மனதார அழைத்த ஒருத்தியோடு அது போயிருக்கிறது. திரும்பி வரும்போது வரட்டும், வராவிட்டால் மாமியாகவே இருந்து வளர்க்கிறேன். ஆனால் என் வீட்டு வாசல்படியில், பட்டப்பகலில், ஊர் பார்க்க உட்கார்ந்து, என் இரண்டு கண்ணாலும் அவள் விளையாடுவதைப் பார்ப்பேன். அழகு என்று வாய்விட்டுச் சொல்வேன். பாண்டிக்கோட்டை நானே கிழித்துக் கொடுப்பேன். யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன்.

உன் திதியன்று அவளைக் கைபிடித்து உன் வீட்டுக்குக் கூட்டி வருவேன். செல்லம்மா அத்தை கதவைச் சாத்தினால் தெருவில் நின்றாவது உன்னை நமஸ்கரிக்கச் சொல்வேன். ஏன் விற்றாய் என்று அவள் கேட்கும் போதெல்லாம் நிஜத்தைச் சொல்வேன்: நாங்கள் இரண்டு பேரும் பயந்தோம், நாங்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டோம், இரண்டு பேருக்கும் நீதான் குழந்தை என்று. உன்மேல் எனக்குள்ள கோபத்தை மட்டும் அவளிடம் சொல்ல மாட்டேன். அது ஆறவில்லை. ஆற வேண்டாம், என்னோடு இருக்கட்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் பெண்ணைப் பெற்றவள்,
பார்வதி